முனியாண்டிக்கு ஒரு பானை பூச்சாராயம்

டுரியான் பழத்தைப் பற்றி இந்த நாட்டில் பேசாதவர்கள் கிடையாது. நாறுகிறது என்பார்கள், அமிர்தம் என்பார்கள், உடம்புக்குச் சூடு என்பார்கள், விலை ஏறிவிட்டது என்பார்கள். அதன் பூவைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. பூத்த மரத்தடியில் விடியற்காலையில் போய் நின்றவர்கள் இப்போது அதிகம் இல்லையோ என்னவோ. நான் நின்றிருக்கிறேன். முன்பல் விழுந்த வயதில், இடுப்பில் கூடையோடு, அத்தைக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றிருக்கிறேன். அந்தப் பூவில் அத்தை சாராயம் போட்டாள். சாமிக்காகத்தான் போட்டாள். அதனால் சிரிக்காமல் கேளுங்கள். சிரித்தாலும் பாதகமில்லை, நானே சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் மலாயாவில், பீடோர் டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கித்தாத் தோட்டத்தில் இருந்தோம். கித்தா என்றால் ரப்பர்தான். அந்தக் காலத்தில் ரப்பர் என்று யாருக்கும் வாயில் வராது. லயம் என்ற நீளக் கொட்டகை வீட்டில் எங்களுக்கு ஒரு அறை, பக்கத்து அறை அத்தைக்கும் மாமாவுக்கும். நடுவில் ஒரு பலகைச் சுவர், அதுவும் பாதி உயரத்துக்குத்தான். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். அத்தை என் அப்பாவுக்குத் தங்கை. கல்யாணமான கையோடு மாமாவும் அவளும் கப்பல் ஏறி வந்துவிட்டார்கள். கப்பலில் அத்தை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாளாம், மாமா அவள் தலையைப் பிடித்துக்கொள்ள ஆசைப்பட்டும், சுற்றி ஊர்க்காரர்கள் இருந்ததால் பிடிக்காமலே வந்தாராம். இதை அம்மா ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். அந்தக் காலம் அப்படி. பெண்டாட்டியின் பக்கத்தில் நாலு பேர் பார்க்க உட்கார்ந்தாலே, "பொண்டாட்டிதாசன்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். மாமா நடந்தால் அத்தை பத்தடி பின்னால் வருவாள். மழை பெய்தாலும் அதே தூரம்தான்.

மாமா நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர். ஒரே ஒரு குறை. வெட்டிய கித்தாப் பாலை ஊற்றிவிட்டு வீட்டுக்கு வருவார் என்று பார்த்தால் அவருடைய கால் கள்ளுக்கடைக்குப் போய்விடும், வேறு வழியில்லாமல் அவரும் கூடவே போய்விடுவார். திரும்பி வரும்போது பாட்டு வரும் முன்னால், ஆள் வருவார் பின்னால். அத்தை திட்டமாட்டாள். சோற்றை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பேசுவாள்.

"சொவரே, சாப்பிடச் சொல்லு. மீன் ஆறிப்போவுது."

"சொவரே, பசிக்கலன்னு சொல்லு," என்பார் மாமா.

நடுவில் இருந்த அந்தச் சுவருக்கு மட்டும் காது இருந்திருந்தால், அது எங்களைவிட நன்றாக அவர்களைப் புரிந்துகொண்டிருக்கும்.

அந்த வருஷம் மாமாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. தோட்டத்தில் குளிர்காய்ச்சல் வராத ஆளே இல்லை. வரும், நடுக்கும், கசப்பு மருந்தைக் குடித்தால் போய்விடும். மாமாவுக்குப் போகவில்லை. கண் மஞ்சளாகி, ஆள் தன்னை மறந்து, கப்பலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, "கரை தெரியுதா, கரை தெரியுதா," என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தை கொஞ்ச தூரம் கூடவே ஓடினாள். பிறகு திரும்பி, காட்டு ஓரத்தில் இருக்கும் முனியாண்டியிடம் ஓடினாள்.

முனியாண்டி என்றால் கோயில் கீயில் எல்லாம் இல்லை. பெரிய மரம் ஒன்று, அடியில் ஒரு கல், இரண்டு சூலம். தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் காவலுக்கு நிற்பவர். கறியும் கேட்பார், சுருட்டும் கேட்பார், தண்ணியும் கேட்பார். எங்கள் கங்காணிதான் அவருக்குப் பூசாரி. காலையில் எங்களை வேலைக்கு விரட்டுவதும் அவர், வெள்ளிக்கிழமை விபூதி கொடுப்பதும் அவர். ஒரே வாயால் இரண்டையும் செய்வார்.

அத்தை அந்த மண்ணில் விழுந்து புரண்டாள். நானும் அம்மாவும் பின்னாலேயே ஓடிப்போய் நின்றோம். கங்காணி கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"பெரியவரே, அவர எழுப்பி உட்டுரு. ஒனக்கு ஒரு பானை பூச்சாராயம் படைக்கிறேன். நீ குடிச்ச மிச்சத்த அவரு வாயால குடிக்கணும். அதுக்காச்சும் அவரு எந்திரிச்சு வரணும்," என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தாள். அப்படி அணைத்தால் அது சத்தியம். சட்டக்காரன் வந்தாலும் மாற்ற முடியாது.

வரும் வழியில் அம்மா கேட்டாள். "கள்ளுன்னு சொல்லக் கூடாதா? கோழின்னு சொல்லக் கூடாதா? பூச்சாராயத்துக்கு இந்தக் காட்டுல எங்க போவ?"

"வாயில அதான் வந்துச்சு அண்ணி. எங்கம்மா வேண்டிக்கிட்டா அப்புடித்தான் வேண்டிக்கும்."

ஊரில் அவர்கள் வீட்டுப் பின்னால் இலுப்பைத் தோப்பு இருந்ததாம். இலுப்பைப் பூ விடியற்காலையில் தானாகக் கொட்டும். அதைப் பொறுக்கி ஊறப்போட்டு அவர்கள் சாமிக்குச் சாராயம் வைப்பார்கள். அந்த வேண்டுதலை அத்தை கப்பலில் கூடவே கொண்டுவந்துவிட்டாள். இலுப்பை மரத்தைத்தான் கொண்டுவர முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு, "ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு சொல்லுவாங்க. இலுப்பையே இல்லாத ஊருல என்னா பண்ணுவ?" என்றார். வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாமா என்று கங்காணியிடம் கேட்டதற்கு அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"சாமிகிட்ட சொன்ன சொல்லு துப்புன எச்சி. திரும்ப முழுங்கவா முடியும்?"

அத்தை பூவைத் தேட ஆரம்பித்தாள். பாதையில் கிடந்த பூவெல்லாம் அவள் வாய்க்குள் போயிற்று. செம்பருத்தியைக் கடித்தாள், இட்லிப்பூவின் காம்பை உறிஞ்சினாள், பெயர் தெரியாத காட்டுப்பூவைத் தின்று ஒரு நாள் முழுக்க நாக்கு தடித்துப்போய் இருந்தாள். "எறும்பு மொய்க்காத பூவுல என்னா இருக்கும், குட்டி," என்று என்னிடம் சொல்லிவிட்டுத் துப்புவாள். அவள் பேசுவதைக் கேட்க அப்போது நான்தான் ஆள். சுவருக்குப் பதில் சொல்ல மாமா இல்லையே.

ஒரு நாள் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மலாய்க் கம்பத்திலிருந்து, அதாவது அவர்கள் கிராமத்திலிருந்து, காற்று அடித்தது. அத்தை குடத்தைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் தூக்கினாள். நாய் மோப்பம் பிடிப்பதுபோல் இருந்தது என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. புளித்த பாலும் தேனும் கலந்த மாதிரி ஒரு கனத்த வாசனை. அதன் பின்னாலேயே போனோம். பெரிய டுரியான் மரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அடியில் தரை தெரியவில்லை. பாய் விரித்ததுபோல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூ கொட்டிக் கிடந்தது. சதைப்பிடிப்பான இதழ். எறும்பு சாரை சாரையாக இருந்தது. அத்தை ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கூரு பூவு மாதிரியே தானா கொட்டுது, குட்டி. பாரேன், ராத்திரி பூத்துட்டு விடியிறதுக்குள்ள கொட்டிருது."

மரத்துக்கு உடையவளான மலாய்க்கார அம்மா வீட்டுப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பூவைப் பொறுக்குவதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம் இல்லை. அவர்களும் அந்தப் பூவைச் சோற்றோடு பச்சையாகத் தின்பார்கள். "அம்பில்லா, அம்பில்," என்றாள். எடுத்துக்கொள் என்று அர்த்தம். எதற்கு என்று கேட்டாள். அத்தைக்கு மலாய் அவ்வளவு வராது. ஆகாசத்தைக் காட்டிக் கும்பிட்டாள். பிறகு மாமாவைக் காட்டுவதற்காகப் படுத்து, நடுங்கி, எழுந்து உட்கார்ந்து காட்டினாள். அந்த அம்மா மார்பில் கை வைத்துக்கொண்டு, பெரிய கூடை ஒன்றை உள்ளேயிருந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

பிறகு தினமும் விடியற்காலையில் எனக்கு அதுதான் வேலை. அத்தை என்னை ஆற்றுப்பாலம் தாண்டி விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாள், அதாவது பேர் கொடுக்கும் இடத்துக்கு. நான் பொறுக்கிக்கொண்டு வந்து வீட்டில் எறும்பை ஊதி ஊதி விரட்டுவேன். எறும்பு என் காலில் ஏறும், நான் ஆடுவேன், அம்மா திட்டுவாள். பூவைப் பாயில் பரப்பி ஒரு வெயில் காட்டவேண்டும். ஈரம் போகவேண்டும், சாறு போகக்கூடாது. அந்தப் பதத்தை அத்தை கிள்ளிப் பார்த்துச் சொல்லுவாள். அப்புறம் ஒரு மண்பானையில் பூ, மலாய்க்காரர் செய்யும் தென்னைவெல்லம், கொதித்து ஆறிய தண்ணீர், எலுமிச்சை. கடைசியாக, பீடோர் சீனன் கடையில் வாங்கிய வெள்ளை மாவு வில்லை. சோற்றைப் புளிக்க வைத்து இனிப்புப் பண்ணுகிறார்களே, அதற்குப் போடுகிற வில்லை. அதைத் தூளாக்கித் தூவி, துணியால் வேடு கட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் சாம்பல் சூட்டில் வைத்தாள். தோட்டத்தில் சாராயம் போட்டது துரைக்குத் தெரிந்தால் சட்டி பானையோடு வெளியே தள்ளிவிடுவான். அதனால் பானைக்கு மேலே விறகை அடுக்கினாள்.

இரண்டு நாள் பானை ஊமையாக இருந்தது. பிறகு பேச ஆரம்பித்தது. காதை வைத்துக் கேட்டால், வளைக்குள் நண்டு முணுமுணுப்பதுபோல் சத்தம் வரும். எனக்கு அதைவிட ஒரு வேடிக்கை அந்தக் காலத்தில் கிடையாது. ஒரு பக்கக் கன்னம் எப்போதும் சாம்பலாக இருக்கும்.

முணுமுணுப்பு அடங்கியதும் அத்தை அதை வடிகட்டிவிட்டுச் சக்கைப் பூவை வீட்டுக்குப் பின்னால் கொட்டினாள். அம்மாவின் கருப்புக் கோழி அதைத் தின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அது கழுத்தை நீட்டி நடந்தது, பக்கவாட்டில் நடந்தது, ஒரு காலைத் தூக்கிவிட்டு அடுத்து எதை வைப்பது என்று யோசித்தது. பிறகு சேவலைத் துரத்தியது. அம்மா கோழிக்கு நோய் கண்டுவிட்டது என்று கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடலாம் என்று கணக்கு. கோழி அவளுக்கு அகப்படாமல் லயம் முழுக்கச் சுற்றியது. பின்னால் அம்மா, அவளுக்குப் பின்னால் நான், எங்களுக்குப் பின்னால் அத்தை.

"அறுக்காதீங்க அண்ணி. அதுக்கு ஒண்ணுமில்ல, போதை."

ஆண்களெல்லாம் கோழியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சக்கைக்கே இப்படி என்றால் சாறு எப்படி இருக்கும் என்ற யோசனை அந்த முகங்களில் தெரிந்தது. படையலுக்கு வராதவன் மனுஷனே இல்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அதற்குள் மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. முனியாண்டி தன் பக்கக் கணக்கைத் தீர்த்துவிட்டார். அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு மாமாவை அழைத்துவரப் போனாள். மாமா தோளில் எலும்பு தெரிந்தது, ஆனால் மீசை அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்து ஐயா. வெள்ளைக் காற்சட்டை, மூக்குக் கண்ணாடி. அவர் பேசும் தமிழ் எனக்குப் பாதிதான் விளங்கும், ஆனால் அன்றைக்குச் சொன்னது விளங்கியது.

"இஞ்ச பாரும். உம்முடைய ஈரல் வீங்கிக் கிடக்குது. இனி ஒரு மிடறு கள்ளோ சாராயமோ உள்ளுக்குப் போனால், பிறகு உம்மை என்னட்டைக் கொண்டுவரத் தேவையில்லை. நேரே சுடலைக்குக் கொண்டுபோகலாம். விளங்குதோ?"

"விளங்குதுங்க," என்றார் மாமா.

அத்தை பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். வரும் வழி முழுக்க மாமா முன்னால், அத்தை பத்தடி பின்னால், நடுவில் நான். வேண்டுதல் என்ன என்பது மாமாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவன் எல்லாம் பூச்சாராயத்தைப் பற்றித்தான் விசாரித்திருப்பான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கங்காணியிடம் போனாள். கேட்காததுபோல் கேட்டாள்.

"மிச்சத்த வேற யாராச்சும் குடிச்சா ஆவாதாண்ணே?"

"நீ என்னா சொன்ன? அவரு வாயாலன்னு சொன்ன. நானும் கேட்டேன், முனியாண்டியும் கேட்டாரு. மொத மொடக்கு அவன்தான். இல்லன்னா எழுப்பி உட்டவரு திரும்பப் படுக்க வைக்க எவ்வளவு நேரமாவும்?"

டிரஸ்ஸர் பேச்சைக் கேட்டால் முனியாண்டி விடமாட்டார். முனியாண்டி பேச்சைக் கேட்டால் ஈரல் விடாது. அத்தை அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. மாமாவும் சாப்பிடவில்லை. சுவருக்கும் அன்றைக்கு வேலை இல்லை.

படையலுக்கு முந்தின நாள். மாமாவை அப்பா முடி வெட்ட அழைத்துப் போயிருந்தார். அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"குட்டி, அம்மாகிட்டப் போயி எனக்குக் கருவாடு சுட்டுக் குடுன்னு அழு."

படையலுக்காக விரதம் இருக்கும் வீட்டில் கருவாடா என்று நான் கேட்டேன். பிள்ளைகளுக்கு விரதம் கிடையாது என்றாள். அழுவதில் எனக்கு அப்போது நல்ல திறமை. அம்மா, "நாளைக்குப் படையல வச்சுக்கிட்டு இந்தச் சனியனுக்கு ஆசையப் பாரு," என்று தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டு எங்கள் அடுப்பில் கருவாட்டைப் போட்டாள். அந்த நாற்றம் லயம் முழுக்கப் பரவியது. அதே நேரத்தில் அத்தை தன் அடுப்பில், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பானையைத் தூக்கி வைத்தாள்.

முதலில் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் எடுத்து மூடி ஓரமாக வைத்தாள். "இது பெரியவருக்கு," என்றாள். மற்றதைக் கொதிக்க விட்டாள். மூடியைத் திறந்தே வைத்திருந்தாள். ஆவி எழும்பியது. மூக்கைத் துளைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஊரில் இந்த ஆவியைப் பிடிக்கத்தான் மேலே சட்டி கவிழ்த்து, குழாய் வைத்து, பாடாய்ப் படுவார்கள் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒரு முறத்தை எடுத்து அந்த ஆவியை ஜன்னல் பக்கமாக விரட்டிக்கொண்டிருந்தாள். வாசனை அடங்கும்வரைக்கும் கொதித்தது. பிறகு தட்டிய மிளகும் சுக்கும் ஒரு கை நிறையப் போட்டாள். இன்னும் கொஞ்சம் வெல்லம். பானையைப் பார்த்து, "பாவம்னா எனக்கே வரட்டும்," என்று முணுமுணுத்தாள். எனக்கு ஒரு அகப்பை ஆற்றிக் கொடுத்தாள். சளி பிடித்தால் அம்மா வைக்கும் கஷாயம் மாதிரிதான் இருந்தது, கொஞ்சம் பூவாசனையோடு.

"ஏன் அத்தை காய்ச்சுற?"

"பூச்சி உழுந்துடுச்சு. நீ யாருகிட்டயும் சொல்லாத. சொன்னா அருவருப்புப்படுவாங்க."

நான் சொல்லவில்லை. பூச்சி விழுந்ததை யாராவது சொல்லுவார்களா.

மறுநாள் வெயில் தாழும் முன்பே எல்லா ஆண்களும் முனியாண்டி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு டம்ளர் கொண்டுவந்திருந்தார்கள். யாரும் கையில் பிடிக்கவில்லை, முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். சோறு, கறி, சுருட்டு, நடுவில் மஞ்சள் பூசிய பானை. அத்தை அந்தச் சின்னப் போத்தலைக் கங்காணியிடம் கொடுத்து, "சாமிக்கு இது, மொதல்ல வடிச்சது," என்றாள். அவர் அதைச் சூலத்தின் அடியில் ஊற்றினார். வாசனை எழும்பியது. கங்காணியின் மூக்கு ஒரு கணம் பூசாரியாக இல்லை.

"எந்தப் பூவும்மா இது? இலுப்பைதான் இங்க இல்லியே?" என்று கேட்டார்.

எல்லாப் பூவையும் பொறுக்கியவள் நான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "டுரியான் பூ," என்றேன்.

முன்னால் நகர்ந்திருந்தவர்களெல்லாம் பின்னால் நகர்ந்தார்கள். டுரியானையும் தண்ணியையும் சேர்த்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்பது இந்த நாட்டில் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

"டுரியானும் சாராயமும் ஒண்ணா உள்ள போனா வவுறு வெந்து செத்துருவான்," என்றார் ஒருவர்.

"பழந்தானே? இது பூவு."

"பூவுலேருந்துதானடா பழம் வருது. கோழியப் பாத்தேல்ல?"

"கோழி சாவலியே."

"அது கோழி மச்சான். நீ குடி, நான் பாக்குறேன்."

முதுகுக்குப் பின்னால் இருந்த டம்ளர்களெல்லாம் ஒவ்வொன்றாக வேட்டிக்குள் போயின. கங்காணிகூட தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யாருக்காக வேண்டியதோ அவன் குடித்தால் போதும், மற்றவர்கள் குடிக்கவேண்டும் என்று வாக்கில் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு ஒரு டம்ளர் நிறைய மோந்து மாமாவிடம் நீட்டினார்.

மாமா எழுந்தார். புது வேட்டி, வெட்டிய முடி. டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். அத்தையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புடவை முந்தானையை ஒரு கையில் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்ததில் விரல் வெளுத்துப்போயிருந்தது. மாமா கங்காணியிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரஸ்ஸர் சொன்னதையும் சொல்லவில்லை. கண்ணை மூடினார், வாயில் ஊற்றினார்.

ஒரு மிடறு உள்ளே போயிற்று. மாமாவின் கண் திறந்தது. டம்ளருக்குள் பார்த்தார். இன்னொரு மிடறு, மெதுவாக, நாக்கில் வைத்து. அந்தத் தோட்டத்தில் சரக்கைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. எந்தத் தென்னையின் கள் என்பதுவரை சொல்லுவார். அவர் மறுபடி அத்தையைப் பார்த்தார். இந்த முறை வெகுநேரம் பார்த்தார், நாலு பேர் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து.

"என்னாய்யா, எப்புடி இருக்கு?" என்று கங்காணி கேட்டார்.

மாமா மீசையைத் துடைத்தார். "நெருப்புங்க," என்றார். "ஒரு மொடக்குலயே தூக்குது. யாரும் கிட்ட வராதீங்க. இது என் உசுருக்கு நேந்தது, நானே முடிக்கிறேன்."

அப்படியே பானைப் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராகக் குடித்தார். குடிக்கக் குடிக்க அவர் குரல் ஏறியது. பாட்டு வந்தது. கங்காணியைக் கட்டிப்பிடித்தார், அவருடைய தலைப்பாகையை எடுத்துச் சூலத்துக்கு மாட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், கொஞ்சம் பொறாமையோடு. எனக்குத்தான் குழப்பம். நானும் முந்தின நாள் ஒரு அகப்பை குடித்தேனே.

"அம்மா, எனக்கு மட்டும் ஏன் தல சுத்தல?" என்று கேட்டேன். அம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள், பிறகு என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அந்தக் கிள்ளு எதற்கு என்று வெகுகாலம் எனக்குத் தெரியாது.

வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் திரும்பினோம். மாமாவால் நடக்க முடியவில்லை. இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். அப்பா பிடிக்கப் போனார். மாமா அவரைத் தள்ளிவிட்டு அத்தையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். அத்தை கூசிப்போய்த் தலையைக் குனிந்தாள், ஆனால் கையை எடுத்துவிடவில்லை. நாலு பேர் பார்க்கத்தான் நடந்தது. யாரும் பொண்டாட்டிதாசன் என்று சொல்லவில்லை. குடித்தவனைப் பெண்டாட்டி தாங்கிக்கொண்டு போவதில் என்ன இருக்கிறது. ஒருத்தி, "நல்லாப் புடிச்சுக்கம்மா, உழுந்துறப் போறாரு," என்றுகூடச் சொன்னாள்.

ஆற்றோரத்தில் பாதை பிரிந்தது. கால் கழுவிவிட்டு வருகிறோம் என்று அத்தை சொல்ல, மற்றவர்கள் லயத்துப் பக்கம் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் பின்னாலேயே போனேன், அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை. கித்தா மரங்களுக்குள் கடைசி ஆள் மறைந்ததும் மாமாவின் நடை நேராகிவிட்டது. ஒரு கல் தடுக்கவில்லை, ஒரு வேர் தடுக்கவில்லை. பாட்டும் நின்றுவிட்டது. நான் அவருக்குப் போதை தெளிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவ்வளவு பெரிய பானையைக் குடித்தவருக்கு அவ்வளவு சீக்கிரம் எப்படித் தெளிந்தது என்பது எனக்கு முதல் ஆச்சரியம். நேராக நடக்க முடிந்த பிறகும் அவர் ஏன் அந்தக் கையை எடுக்கவில்லை என்பது இரண்டாவது.